இருநூற்றுப் பதினொன்றுக்கு இரண்டு நிமிடம்

தேசியப் பேரவைக்குள் யாருக்கும் பெயர் கிடையாது. அப்பா அம்மா ஆசை ஆசையாக வைத்த பெயரைக் குடையோடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். உள்ளே தொகுதி எண்தான். மாண்புமிகு எழுபத்தொன்பது பொய் சொல்கிறார் என்று மாண்புமிகு நூற்று முப்பத்திரண்டு சொல்வார். உடனே எழுபத்தொன்பது எழுந்து, நூற்று முப்பத்திரண்டின் தாத்தா காலத்துச் சமாச்சாரத்தை எல்லாம் இழுப்பார். ஆளைத் திட்டினால்தான் வலிக்கும், எண்ணைத் திட்டினால் வலிக்காது என்று யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ செய்து வைத்த ஏற்பாடு. இந்தக் கதை நடப்பதற்கும் அந்தப் புண்ணியவான்தான் காரணம்.

நம் ஆள் இருநூற்றுப் பதினொன்று. அதற்கு முன்னால் இருபத்துமூன்று வருடம் வக்கீல். பெரிய வக்கீல் என்று சொன்னால் அவரே சிரித்துவிடுவார். சுவர்த் தகராறு, வாடகைத் தகராறு, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, இவ்வளவுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் அக்கா மட்டும். அக்காவுக்கும் தம்பிக்கும் பெரிதாகப் பேச்சு கிடையாது. ஒருவர் இருமினால் இன்னொருவர் வெந்நீர் வைப்பார்.

அவருடைய வழக்குகளில் ஒன்று மட்டும் அவரைத் தூங்கவிடவில்லை. அது தையல்காரம்மாவின் வழக்கு.

தையல்காரம்மாவின் புருஷன் ஒரு நாள் காலையில் சவரக் கத்தி வாங்கி வருகிறேன் என்று போனான். போனவன் போனவன்தான். வீடு அவன் பெயரில். அவன் கையெழுத்து இல்லாமல் கூரை மாற்ற முடியாது, குழாய் இணைப்பு வாங்க முடியாது. மாடிச் சுவர் வெளிப்பக்கம் சாய்ந்து, மூன்று மரக்கட்டைகள் அதைத் தாங்கிக்கொண்டிருந்தன. அந்தச் சுவருக்கு நேர் கீழேதான் தையல் மெஷின். ஏழு வருடம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லை என்றால் இறந்தவராகக் கருதலாம் என்று சட்டம் சொல்கிறது. அவளும் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவள் மட்டும் எண்ணவில்லை. கொழுந்தனும் எண்ணிக்கொண்டிருந்தான். அண்ணன் இறந்ததாக ஆனால் வீடு அண்ணிக்குப் போய்விடும். சுவர் விழுந்து அண்ணி கிளம்பினால் தனக்கு வரும். எனவே ஆறாவது வருடம் முடிகிற சமயத்தில் நீதிமன்றத்துக்கு வந்து ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தான்: அண்ணனைப் பஸ் நிலையத்தில் பார்த்தேன், வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், சற்று மெலிந்திருக்கிறார். தகவல் வந்துவிட்டதல்லவா? எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. அடுத்த ஆறு வருடம் கழித்து இன்னொரு பத்திரம்: ரயில் நிலையத்தில் பார்த்தேன், காதோரம் நரைத்திருக்கிறது, அண்ணியை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். வக்கீல் தொண்டை வற்ற வாதாடினார். நீதிபதி உதட்டைப் பிதுக்கினார். சட்டம் தகவல் என்றுதான் சொல்கிறது, உண்மையான தகவல் என்று சொல்லவில்லையே என்றார்.

அன்றைக்கு நீதிமன்ற வராந்தாவில் தையல்காரம்மா சொன்னாள்: "இன்னும் ஆறு வருஷம் கழிச்சு அவனே வந்து, தலை முழுக்க நரைச்சிடுச்சுன்னு சொல்வான் சார். அதுவரைக்கும் அந்தச் சுவரு நிக்குமா?"

தோற்றுப்போன வக்கீல் வாயில் வரக்கூடாத ஒரு வார்த்தை வந்துவிட்டது. "சட்டத்தையே மாத்திடறேம்மா."

சொன்ன நேரமோ என்னவோ, மூன்றாவது மாதம் அரசியல் கட்சிக்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். தொகுதியின் பழைய உறுப்பினரும் ஒரு வக்கீல்தான். இருபது வருடம் உறுப்பினராக இருந்து, கடைசிப் பத்து வருடத்தைத் தூக்கத்தில் கழித்தவர். அவருக்குப் பதில் ஓர் ஆள் வேண்டும். "உங்க குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்குதாம் சார். பேரவைக்கு அதான் தேவை" என்றார்கள். அவரும் நம்பினார். நின்றார், ஜெயித்தார். அக்கா பெட்டியில் மழைக்கோட்டை வைத்து, "பாத்துப் போ. யாரையும் நம்பி எதையும் கையெழுத்துப் போடாதே" என்று அனுப்பி வைத்தாள்.

பேரவையில் முதல் நாள் புதியவர்களுக்கு வகுப்பு. அவைத்தலைவர் வந்து பேசினார்.

"இந்த அவை பேச்சால் கட்டப்பட்டது. பேச்சுதான் நமது உயிர். ஆகவே அதை வீணாக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம் உண்டு. நேரம் இல்லாவிட்டால் உங்கள் உரையை மேசையில் வைத்துவிடலாம். வைத்த உரை வாசிக்கப்பட்டதாகக் கருதப்படும். நான் இந்த அவையில் முப்பது வருடமாக இருக்கிறேன். என் மிகச் சிறந்த உரைகள் எல்லாம் மேசையில் வைக்கப்பட்டவைதான். ஒருவரும் குறுக்கிடவில்லை."

புதியவர்கள் கைதட்டினார்கள். வக்கீலும் தட்டினார்.

அவருடைய உரை மூன்று நிமிடத்துக்கும் குறைவு. கேட்டது ஒரே ஒரு வரி: காணாமல் போனவரை உயிரோடு கண்டதாகச் சொல்பவர், அவரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். இதைச் சொல்ல அவருக்கு நாலரை வருடமாக வாய்ப்புக் கிடைக்கவில்லை.

முதல் தடவை அவர் எழுந்து நின்றபோது மணி அடித்துவிட்டது. இரண்டாவது தடவை, வாயைத் திறந்த நிமிடம் சொந்தக் கட்சியே வெளிநடப்பு செய்தது. எதற்கு என்று பக்கத்தில் கேட்டார். வெளியே போனால் சொல்வார்கள் என்றார்கள். வெளியே போனார். அங்கே நின்றவர்களுக்கும் தெரியவில்லை. மூன்றாவது தடவை, பேச்சுச் சுதந்திரம் பற்றிய விவாதம் நீண்டுவிட்டதால் பேச நேரமில்லை என்றார்கள். ஒவ்வொரு முறையும் மேசை அதிகாரி ஓசைப்படாமல் வந்து கையை நீட்டுவார். முப்பத்தொரு வருடமாக அந்த மேசையைக் காவல் காக்கிறவர். வக்கீல் காகிதத்தைக் கொடுப்பார். அது மேசைக்குப் போகும். வாசிக்கப்பட்டதாகக் கருதப்படும். இப்படிப் பத்தொன்பது முறை.

சாயங்காலம் உறுப்பினர் விடுதி அறைக்குப் போய், அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று அந்த மூன்று நிமிடத்தையும் பேசிப் பார்ப்பார். குரல் நன்றாகத்தான் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. பக்கத்து இருக்கை இருநூற்றுப் பன்னிரண்டு, பதவியேற்ற நாளுக்குப் பிறகு வரவே இல்லை, வந்ததாகக் கருதப்பட்டார். சிற்றுண்டிச்சாலையில் எதிரே உட்காருகிறவர்கள் வக்கீலின் மார்பில் இருக்கும் எண்ணைப் பார்த்துப் புன்னகை செய்வார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள். இருபத்துமூன்று வருடம் சந்தைக்கடை போன்ற நீதிமன்றத்தில் கத்திப் பழகிய மனிதர், ஒரு நாள் முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் படுக்கப் போகக் கற்றுக்கொண்டார். சில நாட்கள் அக்காவுக்குப் போன் செய்து, இருமிக் காட்டிவிட்டு வைத்துவிடுவார். அவள் அதற்கும், "வெந்நீர் குடி" என்பாள்.

மாதம் ஒரு முறை தையல்காரம்மாவின் அட்டை வரும். நலம், சுவர் நிற்கிறது. கடைசியாக வந்ததில் இன்னொரு வரி இருந்தது: நான்காவது கட்டையும் வைத்தாயிற்று. கொழுந்தனின் மூன்றாவது பத்திரத்துக்கு ஏழெட்டு மாதம்தான் பாக்கி.

அந்த வாரத்தில்தான் தொகுதியின் பழைய உறுப்பினர் தூக்கத்திலேயே காலமானார். செய்தி பேரவைக்கு ஒரு துண்டுச் சீட்டில் வந்தது: இருநூற்றுப் பதினொன்று, வழக்கறிஞர், மறைவு. இரங்கல் பிரிவுக்காரர் அலமாரியைத் திறந்தார். இருநூற்றுப் பதினொன்று, வழக்கறிஞர் என்ற கோப்பு மேலாகவே இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

காலை பதினொன்று இருபதுக்கு அவைத்தலைவர் எழுந்தார். "அவையின் தற்போதைய உறுப்பினர், வழக்கறிஞர், மாண்புமிகு இருநூற்றுப் பதினொன்று அவர்கள் காலமான செய்தியை ஆழ்ந்த துயரத்துடன் தெரிவிக்கிறேன்" என்றார்.

நம் வக்கீல் தன் எண்ணைக் கேட்டதும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார். நாலரை வருடத்தில் முதல் முறையாக அவைத்தலைவர் அந்த எண்ணைச் சொல்கிறார்! அவர் எழுந்ததைப் பார்த்து, மௌன அஞ்சலி தொடங்கிவிட்டது என்று நினைத்து, எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் வாயைத் திறந்தார். மேசை அதிகாரி உதட்டில் விரலை வைத்தார். மௌன அஞ்சலியில் யாரும் பேசக்கூடாது, விதி. இரண்டு நிமிடம் அவரும் தலைகுனிந்து தனக்கு அஞ்சலி செலுத்தினார். நடுவில் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பலர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஆளுங்கட்சித் தலைவர் பேசினார். "இருநூற்றுப் பதினொன்று என் உயிர் நண்பர். நாங்கள் பேசாத நாளில்லை. அவருடைய கணீர்க் குரல் இன்னும் என் காதில் ஒலிக்கிறது. அவர் உயரமான மனிதர். உள்ளத்தில் அதைவிட உயரம்." வக்கீல் குள்ளம். தலைவர் கோப்பைப் புரட்டினார். உள்ளே ஒரே உரை பத்தொன்பது பிரதி. வேறெதுவும் இல்லாததால் அதையே முழுக்க வாசித்தார். தன்னுடைய மூன்று நிமிடம் அவையில் ஒலிப்பதை வக்கீல் நின்றபடியே கேட்டார். நன்றாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று தோன்றியது.

"அன்னாரின் இந்தக் கனவை எங்கள் அரசு பரிசீலிக்கும்" என்று தலைவர் முடித்தார்.

எதிர்க்கட்சித் தலைவர் விடுவாரா? "வெறும் பரிசீலனையா? உயிர் நண்பர் என்கிறீர்கள். அவர் மனம் விட்டுப் பேசியது என்னிடம்தான். இந்தக் கூட்டத்தொடரிலேயே நிறைவேற்ற வேண்டும்!"

"கூட்டத்தொடர் எதற்கு? இந்த வாரமே!"

"இந்த வாரம் வரை அந்த ஆன்மா காத்திருக்க வேண்டுமா? இன்றே!"

"இப்போதே!" என்றார் ஆளுங்கட்சித் தலைவர். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

சட்டத் திருத்தத்தை மூன்று முறை வாசிக்க வேண்டும் என்பது விதி. மூன்று முறையும் வாசிக்கப்பட்டதாகக் கருதப்பட்டது. இரங்கல் தீர்மானத்தோடு சேர்ந்து வந்ததால் எதிர்த்து வாக்களிக்க இடமில்லை. பதினொன்று ஐம்பதுக்குச் சட்டம் நிறைவேறியது. துயரத்தின் காரணமாக அவை சீக்கிரமே கலைந்தது. உறுப்பினர்கள் அவசர அவசரமாக வெளியேறினார்கள். இரண்டு பேர் வக்கீலின் தோளில் இடித்துவிட்டு, மன்னிக்கணும் என்றார்கள்.

காலியான அவையில் மேசை அதிகாரி மட்டும் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். வக்கீல் அவர் முன்னால் போய் நின்றார்.

"நான் சாகலைங்க."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "தெரியும் சார். இன்னைக்கு அஞ்சு மணிக்குக் குறிப்பேட்டில அவைத்தலைவர் கையெழுத்துப் போடுவார். அதுக்குள்ள ஒரு திருத்த மனு எழுதிக் குடுங்க. நீங்க உயிரோட இருக்கீங்கன்னு ஆயிடும்."

"சட்டம்?"

"இரங்கல் தீர்மானத்தோட வால்தானே சார் அது. செத்தவர் சாகலைன்னா இரங்கல் ரத்து. இரங்கல் ரத்துன்னா கூட வந்த எல்லாம் ரத்து."

"அஞ்சு மணிக்கு அப்புறம்?"

"அப்புறம் நீங்க எழுத முடியாது. திருத்த மனுவை இருநூற்றுப் பதினொன்றுதான் குடுக்கணும். அந்த இடம் காலி ஆயிடும். ஆனா ஒண்ணு, எப்பவாவது யாராவது உங்களைக் கொண்டாந்து நிறுத்தி உயிரோட இருக்காருன்னு நிரூபிச்சா, அன்னைக்கும் சட்டம் போயிடும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நான் எதையும் காதுல வாங்கல சார். முப்பத்தொரு வருஷமா இங்க நான் எதையும் கேட்டதில்ல. அந்தப் பத்தொன்பது காகிதத்தையும் மட்டும் படிச்சேன்."

வக்கீல் அவரை ஏறிட்டுப் பார்த்தார். தன் உரைக்கு ஒரு வாசகர் இருந்திருக்கிறார்!

விடுதி அறைக்குப் போனார். மனுவை எழுதினார். ஒன்றே முக்கால் வரிதான். பேனாவை மூடி வைத்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தார்.

"டேய், நீ செத்துட்டேன்னு ரேடியோவுல சொன்னான்" என்றாள் அக்கா. "அழலாம்னு உக்காந்தேன். அதுக்குள்ள நீயே போன் பண்ணிட்டே."

அவர் விஷயத்தைச் சொன்னார்.

"மழைக்கோட்டை மறக்காம எடுத்துட்டு வா" என்றாள் அக்கா.

நாலே முக்காலுக்கு அவர் மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஐந்து மணி அடித்தது. மார்பில் இருந்த எண்ணைக் கழற்றி அலமாரிக் கண்ணாடியில் குத்திவிட்டு ஊருக்குக் கிளம்பினார். உண்மையில் இறந்துபோன பழைய உறுப்பினருக்கு மறுவாரம் ஓர் இரங்கல் குறிப்பு மேசையில் வைக்கப்பட்டு, வாசிக்கப்பட்டதாகக் கருதப்பட்டது.

ஊரில் இறந்தவராக வாழ்வது அவ்வளவு கஷ்டமாக இருக்காது என்றுதான் நினைத்திருந்தார். தெரிந்த முகங்கள், பழகிய வராந்தா. ஆனால் அவர் கொண்டுவந்த சட்டம் அவருக்கு முன்னாலேயே ஊர் வந்து சேர்ந்திருந்தது. உயிரோடு கண்டதாகச் சொல்பவர் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்தார்கள். யாருக்கு வேண்டும் இந்த வம்பு? இருபது வருடம் பழகிய குமாஸ்தா எதிரே வந்தவர், சட்டென்று குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். டீக்கடைக்காரர் கண்ணாடித் தம்ளரை வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சக வக்கீல்கள் அவர் உட்கார்ந்திருக்கும் பெஞ்சைப் பார்க்காமல் கடக்கப் பழகிவிட்டார்கள். பார்த்தால் சாட்சி ஆகிவிடுவோம் என்ற பயம், அவர்களும் வக்கீல்கள்தானே. வக்கீல் பட்டியலில் அவர் பெயரை அழகாகச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள்.

இடைத்தேர்தல் வந்தது. இரு கட்சியும் அவர் படத்தைப் போட்டு ஓட்டுக் கேட்டன. ஒரு வேட்பாளர் வீட்டுக்கே வந்து அக்காவிடம் துக்கம் விசாரித்தார். பின்னால் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "ஐயா அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"கொஞ்சம் தூரத்துச் சொந்தம்" என்றார் வக்கீல்.

"ரொம்ப நல்ல மனுஷன். எனக்கு அண்ணன் மாதிரி" என்று வேட்பாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். புகைப்படக்காரர் தயாராகவில்லை என்றதும், இன்னொரு முறை கலங்கினார். அவர்கள் போன பிறகு வக்கீல் வெகுநேரம் பேப்பரின் அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் இருமவே இல்லை.

எட்டாவது மாதம் வழக்கு வந்தது. வக்கீல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அங்கி போட முடியாது. தையல்காரம்மாவுக்காக யாரோ ஒரு புது வக்கீல் தடுமாறித் தடுமாறி வாதாடினார். அவர் விட்ட இடத்தை எல்லாம் கடைசி பெஞ்சில் ஓர் உதடு நிரப்பிக்கொண்டிருந்தது.

கொழுந்தன் மூன்றாவது பத்திரத்தை நீட்டினான். படகுத்துறையில் பார்த்தேன், தலை முழுக்க நரைத்திருக்கிறது.

"கொண்டுவந்து நிறுத்துங்கள்" என்றார் நீதிபதி. அவர் ஊருக்குப் புதியவர்.

"அவர் கூச்ச சுபாவம் ஐயா. வர மாட்டேங்கறார்."

"அப்படியானால் பழைய இரண்டு பத்திரமும் சேர்த்து மூன்றும் செல்லாது. அவர் இறந்துவிட்டார்."

நாலு நிமிடத்தில் முடிந்தது. பதினெட்டு வருட வழக்கு. தீர்ப்பை வாசித்துவிட்டு நீதிபதி உருக்கமாகச் சொன்னார்: "இந்த அருமையான சட்டத்தைத் தந்துவிட்டுப் போன அந்த மாமனிதர் இன்று இந்த அறையில் இருந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!" பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "கடைசி பெஞ்சில் இருப்பவர் காலை மடக்கி உட்காரவும்" என்றார்.

வக்கீல் காலை மடக்கிக்கொண்டார்.

வராந்தாவில் தையல்காரம்மா தீர்ப்பு நகலோடு வந்தாள். புது வக்கீல் கைகுலுக்கிவிட்டுப் போனார். கூட்டம் கலைந்தது. அவள் நேராக அந்த பெஞ்சுக்கு வந்து, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எட்டு மாதத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்த முதல் ஆள்.

"உங்களைப் பாத்தேன்னு எங்கயும் சொல்ல மாட்டேன் சார்" என்றாள் மெதுவாக. "ஆனா பாத்துட்டேன்."

அவர் அவள் கையிலிருந்த தீர்ப்பு நகலைப் பார்த்தார்.

"நாளைக்கு மேஸ்திரி வரான். சுவத்தை இடிச்சுட்டுப் புதுசாக் கட்டறான். சந்தோஷமாத்தான் இருக்கணும்." காகிதத்தைப் பார்த்தாள். "உள்ள ஜட்ஜு சொன்னப்போ ஜெயிச்சோம்னுதான் தோணுச்சு. வெளிய வந்து படிச்சா, அவரு செத்துட்டாருன்னு எழுதியிருக்கு சார். பதினெட்டு வருஷமா இதைத்தானே கேட்டேன். எழுத்துல பாத்ததும் தாங்கல."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சத்தமாகவே அழுதாள். எதிரே வந்த குமாஸ்தா ஷூ லேஸைக் கட்டக் குனிந்தார். வக்கீல் கைக்குட்டைக்காகச் சட்டைப்பையில் கையை விட்டார். நாலாக மடித்த அந்த மனுதான் வந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, இன்னொரு பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"அழும்மா" என்றார். "எனக்கும் ரெண்டு நிமிஷம் எழுந்து நின்னாங்க. யாரும் அழல."

அவள் கைக்குட்டையை விலக்கி அவரைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"இதுல கொஞ்சம் உங்களுக்கும்தான் சார்" என்று சொல்லிவிட்டு மறுபடி அழ ஆரம்பித்தாள்.

வக்கீல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இந்த முறை யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.